டாக்டரை எழுப்ப 40 நிமிடம் தயங்கினேன்

#1 இரவுவிளக்கு

நான்கு வருடமாக அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸாக இருக்கிறேன். இதை யாரிடமும் நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி டியூட்டி. வயிற்று ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு இரண்டு மணி நேரமாகச் சிறுநீர் மணிக்கு 15 மில்லிதான் இறங்கியது. அறுபது கிலோ எடை உள்ள ஆளுக்கு 30 மில்லியாவது வர வேண்டும். டியூப் அடைத்திருக்கிறதா என்று பார்த்தேன், அடைப்பு இல்லை. இரண்டேகால் மணிக்கு டியூட்டி சர்ஜனைக் கூப்பிட்டேன். என்னை முடிக்கவே விடவில்லை. "உனக்கு மூளை இருக்கா? இதுக்கெல்லாமா எழுப்புவ? என்ன படிச்சிட்டு வந்த?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார். பத்து நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டு டிரிப்பைக் கூட்டி ஓட்டச் சொன்னார். அதாவது, நான் கூப்பிட்டது சரிதான்.

காலை ரவுண்ட்ஸில் அந்தப் படுக்கை அருகே வந்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி, "ராத்திரி என்னை எழுப்பின மேதாவி இதுதான்" என்றார். நோயாளி, அவருடைய மகள், இரண்டு பயிற்சி மாணவிகள், எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் எல்லோரும் இருந்தார்கள். ஒருவர் லேசாகச் சிரித்தார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

திட்டு வாங்குவது நமக்குப் புதிதா என்று அதோடு விட்டுவிட்டேன். போன வாரம் நடந்ததுதான் விஷயம். அதே டாக்டர்தான் அன்றைக்கும் ராத்திரிப் பொறுப்பு. 3:10க்கு ஒரு நோயாளியின் ரத்த முடிவு வந்தது. பொட்டாசியம் 5.6, இருக்க வேண்டியதைவிட அதிகம். ரொம்பக் கூடினால் இதயத்துக்கு ஆபத்து. ஓடிக்கொண்டிருந்த டிரிப்பிலோ பொட்டாசியம் கலந்திருந்தது. டிரிப்பை உடனே நிறுத்திவிட்டேன், அதில் தயக்கமே இல்லை. ஆனால் டாக்டரிடம் சொல்ல வேண்டும், ஈசிஜி எடுக்க வேண்டும், மறுபடி ரத்தம் அனுப்ப வேண்டும். மூன்று தடவை போனைக் கையில் எடுத்துக் கீழே வைத்தேன். ரத்தம் எடுக்கும்போது ரத்த அணுக்கள் உடைந்ததால் அளவு கூடிக் காட்டுகிறதோ என்று எனக்கு நானே சாக்குத் தேடினேன். கேஸ் ஷீட்டை மறுபடி மறுபடி படித்தேன். கூப்பிட்டபோது மணி 3:50.

நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தத் தடவை அவர் கத்தவும் இல்லை. "சரி, ஈசிஜி எடு, திரும்ப பிளட் அனுப்பு" என்றார், அவ்வளவுதான்.

அன்றைக்குத் திட்டியது வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது தூங்க விடாமல் செய்வது இந்த 40 நிமிடம்தான். நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்? அந்த நிமிடத்தில் என்ன சொல்வீர்கள்? எழுதிக் கொடுத்தால் ஏதாவது நடக்குமா?

#2 பழைய_ஊசி

கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்துப் போட்ட காலத்தின் கடைசியில் வேலைக்கு வந்தவள் நான். இன்றைக்கு ஒரு வார்டு இன்சார்ஜ். உங்கள் பதிவில் அந்த இன்சார்ஜ் தரையைப் பார்த்தார் என்று படித்ததும் எனக்கே சுருக்கென்றது.

எங்கள் காலத்தில் டாக்டர் உள்ளே வந்தால் எழுந்து நிற்க வேண்டும். அது கூடப் பரவாயில்லை. நமக்குத் தெரிந்ததைத் தெரிந்த மாதிரிச் சொல்லக் கூடாது. "டாக்டர், இவருக்குத் தூக்கமே வரலை... போன தடவை வந்தப்போ ஒரு மாத்திரை குடுத்தீங்க, நல்லா தூங்கினார்..." என்று இழுக்க வேண்டும். "சரி, அதையே போடுங்க" என்பார். யோசனை அவருடையதாகிவிடும், வேலையும் நடந்துவிடும். லெனர்ட் ஸ்டைன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1967இலேயே இதை அப்படியே எழுதி, 'டாக்டர்-நர்ஸ் ஆட்டம்' என்று பெயரும் வைத்தார். ரொம்ப வருஷம் கழித்துத்தான் அதைப் படித்தேன். நம்மை எங்கிருந்தோ ஒளிந்து பார்த்து எழுதியிருக்கிறார் என்று தோன்றியது.

ராத்திரி போன் போடும்போது நான் என் பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்றுதான். நான்கே நான்கு விஷயம், இந்த வரிசையில்: இப்போது என்ன நிலைமை, இவர் யார் என்ன ஆபரேஷன், எனக்கு என்னவென்று தோன்றுகிறது, நீங்கள் என்ன செய்ய வேண்டும். எஸ்பார் என்று எல்லா ஆஸ்பத்திரியிலும் பாடம் எடுக்கிறார்களே, அதுதான். அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களில் பழகியதை கைசர் பர்மனன்டே மருத்துவமனைகள் எடுத்து மருத்துவத்துக்கு மாற்றின. போனை எடுப்பதற்கு முன்னால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பேசும்போது குரல் நடுங்கினாலும் சீட்டு நடுங்காது.

#3 அவசரவாசல்

அக்கா, மன்னிக்கணும். அவர் ஒழுங்காகத்தானே கூப்பிட்டார்? சிறுநீர் அளவு சொன்னார், டியூப் பார்த்ததைச் சொல்ல வந்தார், அதற்குள் போன் கட். நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து சீட்டு கொண்டுவந்தாலும் வாயைத் திறக்க விட்டால்தானே படிக்க முடியும்? திட்டு வாங்கியவருக்கே திரும்பவும் பயிற்சி. திட்டியவருக்கு என்ன பயிற்சி?

(அவசரப் பிரிவில் ஒன்பது வருடமாக நர்ஸ். ஆண். எங்களைத் திட்டுவதில் ஒரே வித்தியாசம், "ஏம்மா"வுக்குப் பதில் "டேய்".)

#4 பழைய_ஊசி

நியாயம்தான் தம்பி. பழக்க தோஷம். எது நடந்தாலும் முதலில் நம் பிள்ளையைத் திருத்தத்தான் கை போகிறது.

#5 தாள்_துரத்தி

மருத்துவமனைத் தரப் பிரிவில் வேலை. முன்பு நர்ஸ். என் மேஜைக்கு வருவது எல்லாம் தாள், அதனால் தாளில் உள்ளதைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று: இரவுவிளக்கு, அந்தத் தயக்கம் உங்கள் பலவீனம் இல்லை. அமெரிக்காவில் மருந்துப் பிழைகளைக் கவனிக்கும் ஐஎஸ்எம்பி என்ற அமைப்பு 2003இல் நர்ஸ்களையும் பார்மசிஸ்ட்களையும் கேட்டது. கிட்டத்தட்டப் பாதிப் பேர், முன்பு மிரட்டப்பட்ட அனுபவத்தால் சந்தேகமான மருந்துச் சீட்டைக் கேட்டுத் தெளிவுபடுத்தும் விதமே மாறிவிட்டது என்றார்கள். கேட்காமல் விடுவது, வேறு யாரையாவது விட்டுக் கேட்க வைப்பது, 'அவருக்குத் தெரியாததா' என்று கொடுத்துவிடுவது. நீங்கள் சாக்குத் தேடியதும் இதில் ஒரு வகைதான்.

இரண்டாவது, இஸ்ரேலில் நடந்து 2015இல் வெளியான ஒரு சோதனை. பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சைக் குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் டாக்டரும் நர்ஸ்களும். பொம்மைக் குழந்தையை வைத்து ஒரு நோய்நிலையைக் கையாளச் சொன்னார்கள். பாதிக் குழுக்களிடம் வெளிநாட்டு நிபுணர் என்று சொல்லப்பட்ட ஒருவர் மட்டம் தட்டும் விதமாக ஓரிரு வார்த்தை பேசினார். கத்தவில்லை, கெட்ட வார்த்தை சொல்லவில்லை. அவ்வளவுக்கே அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் கைவேலையிலும் பின்தங்கின. ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்துபோயிருந்தது. டாக்டர்களும் அதே குழுவில்தான் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். மூளை மந்தமாவது நர்ஸுக்கு மட்டும் இல்லை.

எத்தனை பேருக்கு இது நடக்கிறது என்று கேட்பவர்களுக்கு: 253 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019இல் வந்த தொகுப்பில், மருத்துவப் பணியாளர்களில் 57.6 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குள் நோயாளிகளிடமோ வந்துபோகிறவர்களிடமோ வசவு வாங்கியதாகச் சொல்லியிருக்கிறார்கள். கூட வேலை செய்பவர்களிடம் வாங்கியது இந்தக் கணக்கிலேயே இல்லை.

#6 ஸ்டெத்_ஓரம்

இந்த இழையில் அடி விழும் என்று தெரிந்தே எழுதுகிறேன். நான் டாக்டர். கத்தியிருக்கிறேன்.

முப்பது மணி நேரம் தூங்காமல் அப்போதுதான் கண் அசந்திருப்பேன். போன் வரும். "டாக்டர், எட்டாம் பெட் ஒரு மாதிரி இருக்கார்." ஒரு மாதிரி என்றால்? பிரஷர் எவ்வளவு? "பார்த்துச் சொல்றேன் டாக்டர்." ஒரு ராத்திரியில் இப்படி நான்கு வந்தால் ஐந்தாவது போனை எடுக்கும்போது நான் மனிதனாக இருப்பதில்லை. இரவுவிளக்கு கூப்பிட்டது அப்படி இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். காலை ரவுண்ட்ஸில் அவர் சொன்னதற்கு எந்தச் சாக்கும் கிடையாது. ஆனால் தூக்கமில்லாத ஆளை வேலைக்கு வைத்துவிட்டு அவன் பேச்சை மட்டும் திருத்தப் பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

#7 அவசரவாசல்

டாக்டர், வந்து எழுதியதற்கு நன்றி. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ஆனால் 'ஒரு மாதிரி இருக்கார்' என்பதைக் கேலி செய்யாதீர்கள். ஆஸ்திரேலியாவில் வார்டில் நிலை மோசமாகும் நோயாளிக்காக அவசரக் குழுவைக் கூப்பிடும் முறையைக் கொண்டுவந்தபோது, கூப்பிடலாம் என்பதற்கான காரணப் பட்டியலில் நாடித்துடிப்பு, மூச்சு, பிரஷர் எண்களோடு 'நோயாளியைப் பற்றி உங்களுக்குக் கவலையாக இருக்கிறது' என்பதையும் ஒரு காரணமாகச் சேர்த்தார்கள். எண் மாறுவதற்கு முன்னால் ஆள் மாறுவான். பன்னிரண்டு மணி நேரம் பக்கத்தில் நிற்பவருக்கு அது தெரியும், வாயில் சொல்லத் தெரியாது. அதைத்தான் 'ஒரு மாதிரி' என்கிறோம்.

அப்புறம் தூக்கம். நாங்களும் தூங்கவில்லைதான், டாக்டர். எங்களுக்குக் கத்துவதற்கு ஆள் இல்லை.

#8 ஸ்டெத்_ஓரம்

கடைசி வரி பட்டது. ஆனால் அது முழு உண்மை இல்லை என்று நினைக்கிறேன். உங்களுக்குக் கீழேயும் ஆள் இருக்கிறார்கள்.

#9 புதுச்சீருடை

அதைச் சொல்லத்தான் நானும் வந்தேன். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். என்னை எந்த டாக்டரும் இதுவரை திட்டியதில்லை, அவர்களுக்கு என் பெயரே தெரியாது. எனக்குப் பயம் ஹேண்ட்ஓவர்தான், ஷிப்ட் மாறும்போது நோயாளிகளின் விவரம் சொல்லி ஒப்படைப்பது.

காலையில் சீனியர் அக்கா வருவார். நான் சொல்லச் சொல்ல பேனாவை மூடி மூடித் திறப்பார். ஒரு எண் மறந்தால், "இதுங்களை எல்லாம் யாரு பாஸ் போட்டது?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார். என்னிடம் கேட்க மாட்டார். நான் அங்கே இல்லாத மாதிரி. எனக்குப் பெயரே 'அந்தக் குழந்தை'. "அந்தக் குழந்தை பார்த்த பேஷண்டா? அப்போ எல்லாத்தையும் முதல்லருந்து செக் பண்ணு." ஒரு தடவை ஒரு மருந்து எப்படிக் கரைப்பது என்று தெரியாமல் அவரிடம் கேட்கப் பயந்து கழிப்பறைக்குள் போய் போனில் தேடினேன். இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. இதைப் புகாராக எழுதினால் என்ன எழுதுவது? 'பேனாவை மூடித் திறந்தார்' என்றா?

#10 பழைய_ஊசி

புதுச்சீருடை, உன் பதிவைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கப் பதில் எழுதவில்லை. பேனா இல்லை, என்னிடம் கைக்கடிகாரம். ஜூனியர் பேசும்போது கடிகாரத்தைப் பார்ப்பேன். வேண்டுமென்றே. என் சீனியர் எனக்குச் செய்தது, நான் அடுத்தவளுக்குச் செய்தேன். 'அப்போதான் வேலை கத்துப்பாங்க' என்று நம்பினேன். இப்போது யோசித்தால், அவர்கள் கற்றுக்கொண்டது என்னிடம் எதையும் கேட்காமல் இருக்கத்தான்.

நர்ஸ்கள் தங்கள் குஞ்சுகளைத் தாங்களே தின்கிறார்கள் என்று ஜூடித் மைஸ்னர் என்ற நர்சிங் பேராசிரியர் 1986இல் எழுதினார். கேட்கவே அருவருப்பான வாக்கியம். அதனால்தானோ என்னவோ இன்றுவரை யாரும் மறக்கவில்லை.

உன் கேள்விக்குப் பதில்: ஆமாம், பேனாவை எழுது. அதைவிட முக்கியமாக, அவர் பக்கத்து ஆளிடம் சொன்ன வாக்கியத்தை எழுது, தேதி போட்டு எழுது. ஒரு தடவை என்றால் அற்பம். இருபது தடவை என்றால் அதற்கு வேறு பெயர்.

#11 மூன்றாம்படுக்கை

நான் நர்ஸும் இல்லை டாக்டரும் இல்லை. என் அப்பா பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அங்கே ஒரு நர்ஸை நான் மிக மோசமாகப் பேசினேன். இந்த இழையை எப்படியோ வந்து படித்தேன், எழுதாமல் போக முடியவில்லை.

அப்பாவுக்கு வலி. ஊசி போட்டு இரண்டு மணி நேரம்தான் ஆகிறது, அடுத்தது இன்னும் நான்கு மணி நேரம் கழித்துத்தான் என்றார் அந்தப் பெண். அவர் துடிக்கிறார், நீ மணி பார்க்கிறாயா என்று ஆரம்பித்தேன். அப்புறம் என்னென்னவோ சொன்னேன். அவருடைய குடும்பத்தை இழுத்தேன், சம்பளத்தை இழுத்தேன். அவர் எதுவும் திருப்பிச் சொல்லவில்லை. கையில் இருந்த டிரேயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அது மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஒரு மணி நேரம் கழித்துப் பெரிய டாக்டர் வந்தார். அவர் முன்னால் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "எப்படி இருக்கார்?" என்று கேட்டார். "பரவாயில்லை சார்" என்றேன். வலி மருந்தைக் கூட்டச் சொல்லி அவரிடம் கேட்டது நான் இல்லை. அந்தப் பெண்தான். அப்போதுதான் மருந்தின் அளவை அவரால் மாற்ற முடியாது என்பதே எனக்குப் புரிந்தது.

வீட்டுக்குப் போகும் நாளில் மன்னிப்புக் கேட்கத் தேடினேன், அவருக்கு வேறு வார்டில் டியூட்டி என்றார்கள்.

#12 அவசரவாசல்

ஐயா, எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். "இன்னும் நான்கு மணி நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டு நகர்வதுதான் எங்கள் தப்பு. "நேரம் ஆகவில்லை, ஆனால் வலி இவ்வளவு என்று டாக்டருக்கு இப்போதே போன் போடுகிறேன், கால் மணி நேரத்தில் உங்களிடம் வந்து என்ன சொன்னார் என்று சொல்கிறேன்" என்றால் பாதிச் சண்டை எழவே எழாது. சொன்ன நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும், பதில் இல்லை என்றாலும் "இன்னும் பதில் வரலை" என்று சொல்லவாவது. கூட்டத்தில் இது முடியாமல் போகிறது. முடிகிற நாளில் வித்தியாசம் தெரிகிறது.

இதற்காக நீங்கள் பேசியது சரி என்று ஆகாது.

#13 மூன்றாம்படுக்கை

தெரியும்.

#14 பழைய_ஊசி

திட்டுகளை ஒரே மூட்டையில் கட்டக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எழுபது வயதுக்காரர், நேற்றுவரை 'சிஸ்டர்' என்று கூப்பிட்டவர், இன்று ராத்திரி வாய்க்கு வந்தபடி ஏசுகிறார் என்றால் நான் கோபப்பட மாட்டேன், பயப்படுவேன். காய்ச்சலா, கிருமியா, சிறுநீர் அடைத்து வயிறு உப்பியிருக்கிறதா, ஆக்சிஜன் குறைந்திருக்கிறதா, தினமும் குடித்தவருக்கு மூன்று நாளாகக் குடி இல்லாமல் வந்த நடுக்கமா என்று பார்ப்பேன். அந்த வசவு ஒரு நோய்க்குறி. அதையும் சார்ட்டில் ஏற்ற வேண்டும்.

மனநல வார்டுகளில் நார்வேக்காரர்கள் உருவாக்கிய ப்ரோசெட் பட்டியல் என்று ஒன்று வைத்திருப்பார்கள். குழப்பம், எரிச்சல், கூச்சல், வாயால் மிரட்டல், உடலால் மிரட்டல், பொருள்களை அடித்தல். ஆறே விஷயம், இருந்தால் ஒன்று, இல்லையென்றால் சுழி. கூட்டினால் அடுத்த ஷிப்டுக்குள் கை நீளுமா என்று ஒரு மதிப்புக் கிடைக்கும். நமக்கு இதில் தெரிய வேண்டியது, வாய் நீளுவதும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது என்பதுதான். 'வாயால்தானே திட்டினார், கை வைக்கவில்லையே' என்று சொல்லும் மேலாளர்களிடம் இதைக் காட்டுங்கள்.

அப்பாவின் வலிக்காகக் கத்தியவர் வேறு வகை. நடுக்கூடத்தில் 'மேதாவி' என்று சொன்ன டாக்டர் முற்றிலும் வேறு வகை. அவருக்குக் காய்ச்சலும் இல்லை, அப்பாவும் படுத்திருக்கவில்லை.

#15 இரவுவிளக்கு

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன்.

அந்த நிமிடத்தில் என்ன சொல்வது என்ற கேள்விக்குத்தான் இன்னும் பதில் கிடைக்கவில்லை. எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. டீம்ஸ்டெப்ஸ் என்ற அமெரிக்க மருத்துவக் குழுப்பணிப் பாடத்தில் வரும் மூன்று படிகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். 'எனக்குக் கவலையாக இருக்கிறது', 'எனக்கு இது ஏற்புடையதாக இல்லை', 'இது ஒரு பாதுகாப்புப் பிரச்சினை'. நான் ராத்திரி மூன்று மணிக்குப் போனில் 'டாக்டர், இது ஒரு பாதுகாப்புப் பிரச்சினை' என்று சொன்னால் மேடைப் பேச்சு மாதிரி இருக்கும். அவருக்குச் சிரிப்பு வரும், எனக்கும் வரும்.

#16 அவசரவாசல்

😂 உண்மை. தமிழில் அப்படி யாரும் பேச மாட்டார்கள். ஆனால் படிகள் சரியான படிகள்தான், வார்த்தையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். நான் சொல்வது இப்படி:

"டாக்டர், எனக்கு இது பயமா இருக்கு."
அசையவில்லை என்றால்: "டாக்டர், எனக்கு மனசு ஒப்பலை. ஒரு தடவை வந்து பார்த்துடுங்க."
அதற்கும் அசையவில்லை என்றால்: "அப்போ இந்த மருந்தை நான் போடலை. நீங்க சொன்னதையும் நான் சொன்னதையும் டைம் போட்டு எழுதிக்கிறேன்."

மூன்றாவது வாக்கியத்தை ஒன்பது வருடத்தில் இரண்டு தடவைதான் சொல்லியிருக்கிறேன். இரண்டு தடவையும் எழுந்து வந்தார்கள்.

திட்டுக்குத் தனியாக ஒன்று வைத்திருக்கிறேன். "என்னைத் திட்டுறதை அப்புறம் வச்சுக்கலாம் டாக்டர், இப்போ பேஷண்டுக்கு என்ன பண்ணணும் சொல்லுங்க." குரலை ஏற்றாமல், மெதுவாக. இதை வீட்டில் கண்ணாடி முன்னால் சொல்லிப் பழகினேன். சிரிக்காதீர்கள்.

#17 தாள்_துரத்தி

சிரிக்க ஒன்றும் இல்லை. மார்த்தா கிரிஃபின் என்பவர் 2004இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் செய்தார். புதிதாகச் சேர்ந்த 26 நர்ஸ்களுக்கு, முகம் சுளித்தால் என்ன சொல்வது, முதுகுக்குப் பின்னால் பேசினால் என்ன சொல்வது என்று தயார் வாக்கியங்களைச் சின்ன அட்டையில் அச்சடித்து, அடையாள அட்டையோடு தொங்கவிடக் கொடுத்தார். பழகியும் பார்க்க வைத்தார். வருடம் கழித்துக் கேட்டபோது, அதைப் பயன்படுத்தி எதிராளியிடம் நேராகச் சொன்னவர்களுக்குத் தொல்லை நின்றிருந்தது. புதுச்சீருடை, உனக்கு இது ஆகும்.

#18 புதுச்சீருடை

நான் எழுதிக்கொண்ட வாக்கியம்: "அக்கா, நான் இங்கதான் நிக்கிறேன், என்கிட்டயே கேளுங்க."

சொல்வேனா என்று தெரியவில்லை. எழுதி வைத்திருக்கிறேன்.

#19 ஸ்டெத்_ஓரம்

வாக்கியம் எல்லாம் சரி. ஆனால் என்னை நிறுத்தியது ஒரு நர்ஸ் சொன்ன வாக்கியம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆபரேஷன் தியேட்டரில் ஒருநாள் ஒரு நர்ஸிடம் கத்திக்கொண்டிருந்தேன். தவறான கருவியை நீட்டிவிட்டார், அவ்வளவுதான். தலைமாட்டில் இருந்த மயக்க மருத்துவர், என்னைவிட ஆறு வருடம் மூத்தவர், மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "போதும். கேஸை முடி. வெளியே வந்து என்கிட்ட கத்து" என்றார். தியேட்டரே அமைதியாகிவிட்டது. வெளியே வந்ததும் என்னைத் திட்டவில்லை. "அந்தப் பொண்ணு அடுத்த கேஸ்ல பஞ்சு எண்ணிக்கை தப்பிச்சுன்னா உன்கிட்ட வாயைத் திறந்து சொல்லுமா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

#20 இரவுவிளக்கு

டாக்டர், இதைப் படித்துவிட்டு அழுதேன் என்றால் நம்புவீர்களா? எனக்கு அன்று காலை ரவுண்ட்ஸில் வலித்தது 'மேதாவி' இல்லை. ஐந்து பேர் இருந்தார்கள், ஒருவர் சிரித்தார், மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். "சிஸ்டர் கூப்பிட்டது நல்லதாப் போச்சு" என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். போன வாரம் அந்த 40 நிமிடம் ஆகியிருக்காது என்று தோன்றுகிறது.

#21 அவசரவாசல்

சில ஆஸ்பத்திரிகளில் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது, 'கோட் பிங்க்' என்பார்கள். (வேறு இடங்களில் அதே பெயர் குழந்தை காணாமல் போனதற்கான எச்சரிக்கை, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஒரு நர்ஸிடம் யாராவது கத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று தகவல் போனதும், கை ஓய்வாக இருக்கும் நர்ஸ்கள் எல்லாம் வந்து அவர் பக்கத்தில் சும்மா நிற்பார்கள். ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எட்டுப் பேர் பார்க்கும்போது கத்துவது ரொம்பக் கஷ்டம்.

எங்கள் பிரிவில் பெயர் வைக்காமலே இதைச் செய்கிறோம். உறவினர்கள் என்றால் கவனமாகச் செய்ய வேண்டும், கூட்டமாக நின்றால் மிரட்டல் என்று நினைத்துவிடுவார்கள். அங்கே ஒருவர் போய்ப் பக்கத்தில் நின்றால் போதும்.

#22 தாள்_துரத்தி

எழுதிக் கொடுத்தால் நடக்குமா என்று முதலிலேயே கேட்டீர்கள். நேர்மையாகச் சொன்னால், பெரும்பாலும் நடப்பதில்லை, ஏனென்றால் வருகிற புகார்கள் பெரும்பாலும் 'டாக்டர் மிகவும் மோசமாகவும் அநாகரிகமாகவும் நடந்துகொண்டார்' என்ற வகை. இதை வைத்து நான் ஒன்றும் செய்ய முடியாது. அவர் 'இல்லை' என்பார், முடிந்தது. வார்த்தைக்கு வார்த்தை என்ன சொன்னார், எத்தனை மணிக்கு, எந்தப் படுக்கை அருகே, யார் யார் இருந்தார்கள், அதனால் நோயாளியின் சிகிச்சையில் என்ன தாமதமானது. கடைசியில் சொன்னதுதான் மேலே போகும். 'என் மனம் புண்பட்டது' என்ற புகார் அலமாரியில் தூங்கும். 'பொட்டாசியம் முடிவைத் தெரிவிக்க 40 நிமிடம் தாமதம்' என்றால் யாரும் அலமாரியில் வைக்கத் துணிய மாட்டார்கள். இது எனக்கே பிடிக்காத உண்மை. ஆனால் உண்மை.

சட்டப் பக்கம் கேட்பவர்களுக்கு: உலகத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கை 2019இல் நிறைவேறி, 2021 ஜூன் 25இல் நடைமுறைக்கு வந்தது. வேலையிடத்து வன்முறை, தொல்லை எல்லாம் அதில் வருகிறது. நோயாளி, உறவினர் போன்ற வெளியாட்கள் செய்வதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஒப்புதல் கொடுத்த நாடுகளைத்தான் கட்டுப்படுத்தும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2008 ஜூலையிலேயே மிரட்டும் நடத்தை மருத்துவப் பிழைக்கு வழி வகுக்கும் என்று எச்சரிக்கை விட்டு, மருத்துவமனைகள் இதற்கென்று நடத்தை விதி வைக்க வேண்டும் என்றது.

நான் பார்த்ததில் ஓரளவு வேலை செய்வது வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனை பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை. முதல் புகாரிலேயே விசாரணை கிடையாது. அதே தகுதியில் இருக்கும் ஒரு டாக்டர், தனியாக, ஒரு காபி குடிக்கிற நேரத்தில், "உன்னைப் பற்றி இப்படி ஒரு தகவல் வந்தது, உன் பக்கம் என்னவென்று எனக்குத் தெரியாது, தெரிவிக்க வந்தேன்" என்பார். பலர் அதிலேயே சுதாரித்துக்கொள்கிறார்கள். திரும்பத் திரும்ப வருபவர்களுக்குத்தான் அடுத்த படி. ஸ்டெத்_ஓரம் அவர்களுக்கு அந்த மயக்க மருத்துவர் செய்தது கிட்டத்தட்ட இதுதான், காபி மட்டும் இல்லை.

#23 நிழல்_ஷிப்ட்

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. நான் எழுதிக் கொடுத்தேன், தேதி நேரம் சாட்சி எல்லாம் போட்டு. ஒப்பந்தத்தில் இருப்பவள். அடுத்த மாதம் எனக்கு ஷிப்டே போடவில்லை. யாரும் காரணம் சொல்லவில்லை. அந்த டாக்டர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். சாட்சி சொன்னவள் என்னிடம் பேசுவதில்லை.

#24 தாள்_துரத்தி

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒப்பந்த நர்ஸ்கள் தனியாக எழுதாதீர்கள், இன்சார்ஜ் பெயரில் அல்லது சங்கத்தின் பெயரில் போகட்டும் என்று சொல்லலாம். அதையும் செய்ய முடியாத இடங்கள் இருக்கின்றன.

#25 பழைய_ஊசி

இன்சார்ஜ் பெயரில் போகட்டும். அதற்குத்தானே அந்த நாற்காலி. நிழல்_ஷிப்ட், உன் இன்சார்ஜ் எங்கே இருந்தார்?

#26 நிழல்_ஷிப்ட்

ரவுண்ட்ஸில்.

#27 இரவுவிளக்கு

பதினைந்து நாள் கழித்து வருகிறேன். என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள்.

இந்த இழையை எங்கள் இன்சார்ஜிடம் போனில் காட்டினேன். பயந்துகொண்டேதான் காட்டினேன். பத்தாவது பதிவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் சொல்லவில்லை. அப்புறம், "ரிப்போர்ட்ல என் பேரையும் சாட்சியா போடு" என்றார். போட்டேன். யார் அந்த டாக்டரிடம் பேசினார்கள், பேசினார்களா என்றே எனக்குத் தெரியாது. மன்னிப்பு எதுவும் வரவில்லை.

நேற்று ராத்திரி மறுபடி அவர்தான். ஆபரேஷன் முடிந்தவரின் வடிகுழாயில் ஒரு மணி நேரத்தில் 200 மில்லி ரத்தம். சீட்டு எழுதவில்லை, வாக்கியம் யோசிக்கவில்லை, கை தானாகப் போய்விட்டது. 1:20க்குப் பார்த்தேன், பிரஷரும் நாடியும் எடுத்துக்கொண்டு 1:22க்குக் கூப்பிட்டேன். எதிர்ப்பக்கம் ஒரு பெருமூச்சு. நெஞ்சு அடைத்துக்கொண்டது. பிறகு, "ரெண்டு யூனிட் பிளட் சொல்லி வைங்க, வர்றேன்" என்றார். வைங்க. நான்கு வருடத்தில் அவர் எனக்குப் போட்ட முதல் 'ங்க'. தூக்கக் கலக்கமாகவும் இருக்கலாம்.

#28 அவசரவாசல்

நான் அந்த 'ங்க'வை எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்கிறேன்.

#29 பழைய_ஊசி

ஒன்று கேட்கட்டுமா? ரிப்போர்ட்டில் அந்த 40 நிமிடத்தையும் எழுதினாயா? அதை எழுதினால் உன் மேலேயும் கேள்வி வரும் என்று தெரியும்தானே?

#30 இரவுவிளக்கு

தெரியும் அக்கா. வந்தது. பதில் சொன்னேன். எழுதியது இதுதான்:

"அதிகாலை 3:10க்கு முடிவைப் பார்த்தேன். டிரிப்பை உடனே நிறுத்தினேன். 3:50க்கு டாக்டரை அழைத்தேன். இடையில் அழைக்காததற்குக் காரணம், முந்தைய அழைப்பின்போதும் மறுநாள் ரவுண்ட்ஸிலும் என்னிடம் பேசிய விதம். பேசிய வார்த்தைகள் கீழே."